தீர்த்தத் தொட்டியை மூடும் முன்

அன்புள்ள லவினியா அக்கா,

கர்த்தரின் துணையால் எல்லோரும் சுகம், உங்கள் சுகத்துக்கும் மன்றாடுகிறோம் என்றுதான் அம்மா உங்களுக்கு எழுதத் தொடங்குவார். அம்மா செத்த பிறகு இந்த வீட்டிலிருந்து யாரும் உங்களுக்கு எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன், ஆனால் எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் நம்பரை அப்பா என் போனிலிருந்து அழித்துவிட்டார். அவர் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார், போர்வைக்குள் டோர்ச் வைத்து எழுதுகிறேன். லைப்சிக்கில் குளிர் கூடவாம், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

அப்பா துப்புரவு செய்கிற நம் கோயிலை ருமேனிய ஓர்த்தடொக்ஸ் சபை வாங்கிவிட்டது. தமிழ்ப் பூசை இப்போது வேறிடத்தில், அப்பாவை மட்டும் வேலைக்கு வைத்திருக்கிறார்கள். சுவரைச் சுரண்டியபோது சுண்ணாம்புக்குள்ளிருந்து ஒரு புனிதரின் முகம் வந்தது, கண்கள் இல்லை. முதலில் கத்தோலிக்கர் வரைந்ததாம், பிறகு லூத்தரன்காரர் வெள்ளையடித்து மூடினார்களாம், போருக்குப் பின் திரும்பவும் கத்தோலிக்கரிடம் வந்ததாம். யார் வந்தாலும், வாசலில் விரல் நனைத்துச் சிலுவை போடுகிற தீர்த்தத் தொட்டியை மட்டும் ஒருவரும் அகற்றவில்லை. இப்போது வாங்கியவர்கள் அடுத்த வியாழக்கிழமை அதை அடைத்துப் பூசப் போகிறார்கள். அதைக் கேட்டுவந்த அப்பா, “அப்ப அவ எங்க கை நனைக்கிறது?” என்று என்னிடம் கேட்டார். அம்மாவைத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து இருட்டினால் கோயில் கதவுத் திறப்பை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். இன்று பின்னால் போனேன். காய்ந்து கிடந்த தொட்டியில் தண்ணீர் இருந்தது. அப்பா விரலை நனைத்து, அம்மாவுக்குத் தீர்த்தம் கொடுப்பாரே, அதேபோல் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் யாருமில்லை. கண்ணில்லாத அந்த முகம் எங்களையே பார்த்தது. பயத்தில் ஓடிப்போய் அந்த விரலைத் தொட்டேன். திரும்பாமலே, “இஞ்சரும், கை ஏன் இப்பிடிக் குளிருது?” என்றார். அம்மாவை மட்டும்தான் அவர் அப்படிக் கூப்பிடுவார். பிறகு மெதுவாக, “மூத்தவள் பின்னால வாறாளோ?” என்றார்.

லூத்தரன் பொடியனைக் கட்டினதற்காக இனி என் வாசல் மிதிக்காதே என்று உங்களுக்குச் சொன்ன அதே அப்பாதான். அவர் தினமும் திறக்கிற கோயில் வாசலோ எல்லாரையும் உள்ளே விட்டிருக்கிறது. நான், “ஓம், வாறாள்” என்று சொல்லிவிட்டேன். என் குரல் அம்மாவின் குரலாகவே கேட்டது அக்கா. “அப்ப பூட்டாமல் விடுவம்” என்று அப்பா என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டார். கோயில் கதவு இப்போதும் திறந்துதான் கிடக்கிறது.

அந்தோனியார் உங்களையும் அத்தானையும் காக்கட்டும். வியாழனுக்கு முன் வாருங்கள். கோயில் வாசலில் கையுறையைக் கழற்ற மறக்காதீர்கள்.

அம்மாவின் இடத்திலிருந்து,
உங்கள் தங்கை லாரா