செவலைக்கு வைக்காத தட்டை

ஆவணி 19, புதன்
வானம் வெறிச்சென்று. மேகமலைப் பக்கம் மட்டும் கறுக்கிறது. கடை ரேடியோவில் எங்கெங்கோ மழை. ஆண்டிபட்டிக்கு மட்டும் என்ன சாபமோ.

தீனிக்கு அடுக்கி வைத்த சோளத்தட்டைப் படப்பு இன்றோடு காலி. இனி எங்கள் காளை செவலைக்கு வாகைக்குழைதான். இருப்பது இது ஒன்று. உழவுக்குப் பக்கத்துக் காட்டு சீனியம்மாக்கா மாட்டோடு சேர்த்துப் பூட்டுவோம்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், உப்பு, பெரியவனுக்குச் சிலேட்டுக்குச்சி.

தை அறுப்பில் பாதித் தட்டையைக் காட்டில் பரப்பச் சொன்னவள் நான். படப்புக்கு அடியில் மட்டும் மண் எப்போதும் ஈரமாக, புழுவோடு இருக்குமே, அதைப் பார்த்து வந்த யோசனை. அக்கா அன்றே சிரித்தாள்: "மாட்டுத் தீனிய மண்ணுக்குப் போடுறவள இப்பத்தான்டீ பாக்குறேன்." இவர் மறுபேச்சில்லாமல் பரப்பினார். "கோடை மழைக்குப் புல்லு வந்துரும் புள்ள." மழையும் இல்லை, புல்லும் இல்லை.

ஆவணி 22, சனி
வெயில் மண்டையைப் பிளக்கிறது. காட்டில் கிடந்த தட்டையையே ஒரு கட்டு அள்ளிவந்தேன். உதறி உதறிப் போட்டேன். எல்லாம் கரையான். செவலை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இவர் கம்பம் பக்கம் வைக்கோல் கேட்டுப் போய் வெறுங்கையோடு வந்தார். "அவுக மாட்டுக்கே காணலைங்கிறாக."

ஆவணி 25, செவ்வாய்
காலையிலேயே மாட்டு வியாபாரி. கம்பம் வழியாக மலையாளத்துக்கு ஓட்டுகிறவர். "இங்கன கெடந்து சாகுறதுக்கு அங்கன போகட்டும் ஆத்தா." அங்கே போனால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். இவர் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துத் தன்னிடம் வைத்துக்கொண்டார். மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கக் கூடாது.

அந்தப் பாதித் தட்டை இருந்திருந்தால் இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருக்கலாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சோறு பொங்கவில்லை. பிள்ளைகளுக்குப் பழைய கஞ்சி.

புரட்டாசி 3, வியாழன்
மழை! நேற்றுச் சாயங்காலம் பிடித்தது, விடியத்தான் விட்டது.

அக்கா காட்டில் தண்ணீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போயிருக்கிறது. எங்கள் காட்டில் தட்டையை விலக்கிக் கொத்திப் பார்த்தேன். ஒரு முழத்துக்கு ஈரம். மண் புட்டு மாதிரி உதிர்கிறது. அக்காவும் வந்து கையில் அள்ளிப் பார்த்தாள். "ஏத்தா, நீ செஞ்சதுதான்டீ சரி. அடுத்த அறுப்புக்கு நானும் போடுறேன்."

சந்தோசப்பட வேண்டிய பேச்சு. அவளை அடிக்கலாம் போல இருந்தது. இந்த மழை ஒரு பத்து நாள் முந்தி வந்திருந்தால் என்ன, கொள்ளையா போயிருக்கும்?

புரட்டாசி 4, வெள்ளி
மழை விட்டு வானம் வெக்காளிப்பு. விதைப்பு. சோளத்தோடு தட்டாம்பயறும் கலந்து. அக்கா மாட்டோடு பூட்ட ஊருக்குள்ளிருந்து ஒரு மாடு இரவல்.

மத்தியானம் கஞ்சி ஊற்றும்போது இவரிடம் கேட்டேன், வருகிற தை அறுப்பிலும் தட்டையைப் பரப்பலாமா என்று. பாதிதான், பாதியை வைத்துக்கொள்வோம் என்றேன்.

கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "முழுசையும் பரப்பு புள்ள. திங்க ஆரு இருக்கா?"