புது கேன்

வீட்டுக்காரருக்கு,

கொட்டகையில் போய்ப் புது பெட்ரோல் கேனைத் தேட வேண்டாம். அதில் இருந்ததை நான்தான் என் ஸ்கூட்டரில் ஊற்றிக்கொண்டேன்.

கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு வேண்டுமென்று எப்போதும் இரண்டு கேன் நிறைத்து வைப்பீர்கள். நாள்பட்ட பெட்ரோல் ஜெனரேட்டருக்கு ஆகாதாம். "பழச உன் வண்டியில ஊத்திக்க. கெட்டுப்போறதுக்குள்ள தீர்த்துடணும்" என்பீர்கள். சோற்றுக்கும் நம் வீட்டில் அதே சட்டம்தான். நேற்று வடித்தது எனக்கு, இன்று வடித்தது உங்களுக்கு. எதுவும் என் முறைக்கு வருவதற்குள் பழசாகிவிடுகிறது.

போன வாரம் மழையில் வண்டி பாலத்து நடுவில் நின்றுவிட்டது. பின்னால் நம் மகள் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தாள். உங்களுக்குப் போன் செய்தேன். "நல்லா உதை, கிளம்பும்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். வீடு திரும்பியதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "பழசு தீர்ந்துச்சா?"

கோபமெல்லாம் இல்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்று புது பெட்ரோலில் வண்டி ஒரே உதையில் கிளம்பிவிட்டது. இது இப்படியும் ஓடுமா என்று என்னால் நம்பவே முடியவில்லை. வாசலில் மகள் துணிமணிப் பையை அணைத்துக்கொண்டு ஹாரன் அடிக்கிறாள். என் அக்கா வீடு வரைக்கும் தாராளமாகப் போதும்.

பழைய கேனை நான் தொடவில்லை. கெட்டுப்போவதற்குள் நீங்களே தீர்த்துவிடுங்கள்.

இத்தனை நாளும் "ஏய்" என்றதும் வந்து நின்றவள்