அங்கன்வாடித் தாய்மாருக்கு ஒரு இடம்

அக். 6, திங்கள்

மூணு மணிக்கே இருட்டு. இடி. கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி வீடு வருவதற்குள் சேலை முழங்கால்வரை தெப்பம். மகள் மீனுவின் யூனிஃபார்ம் காயவில்லை, இஸ்திரி போட்டுத்தான் காய வைக்கணும்.

ஷீலா டீச்சர் போன். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற அங்கன்வாடியின் டீச்சர். ஆறு வயசுக்குள் இருக்கிற பிள்ளைகளின் படிப்புக்காக அரசு ஒரு மாநில ஆலோசனைக் கவுன்சில் அமைக்கப் போகிறதாம். அதிகாரிகள், டாக்டர்கள், காலேஜ் ஆட்கள். கூடவே அங்கன்வாடித் தாய்மாருக்கு ஒரு இடம். சாலை மார்க்கெட் பக்கத்துத் தமிழ் அம்மாக்களில் ஒருத்தியைச் சொல்லச் சொன்னார்களாம். என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

"நீ எம்.ஏ. அல்லே. வேற ஆரு இருக்கு இவிடே?"

சரி டீச்சர் என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

மீனு அந்த அங்கன்வாடிக்குப் போனது மொத்தம் பதினோரு நாள். ஜூனில். அப்புறம் இங்கிலீஷ் ப்ளே ஸ்கூல், மஞ்சள் வேன். பெயரை எடுக்கவில்லை. எண்ணிக்கை குறைந்தால் சென்டரை வேறொன்றோடு சேர்த்துவிடுவார்கள், பேர் கிடக்கட்டும் மோளே என்று டீச்சர்தான் கேட்டுக்கொண்டார். அதனால் மாசாமாசம் எடை பார்க்கிற நாளில் மட்டும் கூட்டிப் போகிறேன். தராசில் நிறுத்தி, எழுதி, திரும்பி வருவது. போன மாசம் ஆட்டோவிலேயே யூனிஃபார்மைக் கழற்றிப் பூப்போட்ட கவுன் மாட்டினேன். ஏம்மா இங்க வேற டிரெஸ் என்று கேட்டாள். யூனிஃபார்மில் கறை என்றேன். கறை இல்லை.

இதை போனிலேயே சொல்லியிருக்கணும்.

இவரிடம் சொன்னேன். "கவுன்சில்னா கார் அனுப்புவாங்களா?" என்று சிரிச்சார். பத்து நிமிஷத்தில் திருநெல்வேலிக்குப் போன் போட்டு அத்தையிடமும் சொல்லியாச்சு. இனி எப்படி இல்லை என்பது.

அக். 7, செவ்வாய்

வியாழக்கிழமை ஆலோசனைக் கூட்டம். உறுப்பினர் பட்டியல் முடிவாகும் முன்னால் எல்லாரும் மூணு நிமிஷம் பேசணுமாம். என்ன பேச? எனக்கு அந்த அங்கன்வாடியைப் பற்றித் தெரிந்தது அதன் தராசு மட்டும்.

செல்வியைப் பார்க்கப் போனேன். சாலையில் வெங்காய மொத்தக் கடையில் சின்ன உள்ளி தரம் பிரிக்கிற வேலை. ஊர் நாகர்கோவில் பக்கம். மகன் மணி, மீனு வயசுதான். தினமும் அங்கன்வாடிக்குப் போகிறவன். எடை பார்க்கிற நாளில் வரிசையில் பழக்கம்.

சாக்கு மேல் உட்காரச் சொன்னாள். கண் எரிச்சல், எனக்கு மட்டும்.

அவள் சொன்னது: அங்கன்வாடி வாடகை ரூம். பின்னால் இருக்கிற கக்கூஸ் வீட்டுக்காரருக்குச் சொந்தம், பூட்டியே கிடக்கும். சாவி மாடியில். ஹெல்பரம்மா ஏறிப் போய்க் கேட்டு வாங்கணும். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

"காலையில ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேங்கான். ஏன்லன்னு கேட்டா, அங்க போனா ஒண்ணுக்கு முட்டும்னு சொல்லுதான். நாலு வயசுப் பய, கணக்குப் பாத்துக் குடிக்கான்."

போன மாசம் காய்ச்சல். ஒண்ணுக்குப் போக எரிச்சல், அழுகை. அடக்கி அடக்கி வந்தது என்று டாக்டர் சொன்னாராம். அதற்கு முந்தின வாரம் ஒரு நாள் ரூமிலேயே போய்விட்டான். மற்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். மறுநாள் வாசல்வரை போய் அவள் சேலையை விடவே இல்லை.

எல்லாம் குறித்துக்கொண்டேன்.

"என்னக்கா, பரீட்சைக்குப் போற மாதிரி எழுதுதிய."

மீட்டிங்கில் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லுங்க என்றாள்.

அக். 9, வியாழன்

தம்பானூரில் ஒரு ஹால். நாற்பது பேர் இருக்கும். சாயா, பழம்பொரி. ஏசி குளிர், நனைந்த செருப்பு. பெரிய பெரிய ஆட்கள் ஸ்லைடு போட்டுப் பேசினார்கள். பாதி புரிந்தது. எல்லாமே நல்ல விஷயம்தான்.

கடைசியில் நான். மலையாளத்தில் எழுதி வைத்திருந்தேன். "எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவின் மகன்" என்றுதான் தாளில் இருந்தது.

வாயில் "என் மகள்" என்று வந்தது.

ஒரு தடவை வந்தபின் நிற்கவில்லை. என் மகள் காலையில் தண்ணீர் குடிக்க மாட்டாள். என் மகள் அங்கே போனால் முட்டும் என்பாள். காய்ச்சலில் நான் ராத்திரி கண் முழித்தது வரைக்கும் சொன்னேன். அந்தக் கண் முழித்ததை செல்விகூடச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தது.

முன்வரிசை மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் கைதட்டல். பொறுப்பில் இருக்கிற அதிகாரி, "இதாணு நமக்கு வேண்டது" என்றார். கவுன்சிலுக்குப் போகிற குறிப்பிலேயே சேர்க்கிறாராம்.

உட்கார்ந்து தாளை மடித்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டும் பொய்.

வீடு வந்தேன். மீனு வேனிலிருந்து இறங்கினாள். தண்ணி பாட்டில் காலி.

அக். 10, வெள்ளி

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

அரிசி வாங்கப் போன இடத்தில் செல்வி பிடித்துவிட்டாள்.

"நல்லா பேசினியளாமே. டீச்சர் சொன்னாவ, ஆபீசர்மாரே கலங்கிட்டாவளாம். நம்ம மணி விஷயமா?"

"ஆமா."

"பேரு சொல்லலையே?"

"இல்ல."

"அது போதும். பய வளந்த பொறவு கேட்டா வெக்கப்படுவான்லா." மடி நிறைய உள்ளி எடுத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

மதியம் ஆபீஸிலிருந்து அந்த அதிகாரி. கவுன்சில் தொடக்க நாளில் ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். அதில் முதல் பக்கத்தில் என் மகள் பற்றி நாலு வரி, ஒரு போட்டோ. போட்டோ அனுப்ப முடியுமா என்று கேட்டார். அங்கன்வாடி வாசலில் நிற்கிற மாதிரி இருந்தால் நல்லது.

பார்க்கிறேன் சார் என்றேன்.

சாம்பாருக்கு அந்த உள்ளியைத்தான் உரித்தேன். இவர், அத்தைக்கு அந்தப் புத்தகம் ரெண்டு பிரதி வேணுமாம் என்றார்.

அக். 13, திங்கள்

செல்வியிடம் சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் கடை வாசல்வரை போய்த் திரும்பி, இன்றைக்கு.

டீ நேரம். மற்ற பெண்கள் வெளியே போயிருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். மணிக்கு நடந்ததை மீனுவுக்கு நடந்ததாகச் சொன்னேன், வேணும்னு செய்யல, வாயில வந்துட்டுது.

கை நிற்கவில்லை அவளுக்கு. அழுகினது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம்.

"உங்க பொண்ணுக்கு நெசமாவே அப்படி நடந்திருந்தா, அத்தனை பேரு முன்னால சொல்லியிருப்பியளா?"

குடையைச் சாக்கு மேல் சாய்த்து வைத்தேன்.

"மாட்டிய." அவளே சொன்னாள்.

விலகிவிடுகிறேன் என்றேன்.

"நீங்க விலகினா பூட்டு திறந்துருமா?"

அதையும் நான் நினைத்திருக்கவில்லை. விலகினால் எனக்கு நிம்மதி என்பதுதான் மூணு நாளாகத் தலையில் ஓடியது.

அப்போ நீ போ செல்வி, உன் பிள்ளை, உன் விஷயம் என்றேன். சிரிச்சாள். "உள்ளி நாத்தத்தோட போய் உக்காந்தா ஏசிய நிறுத்திருவாவ." ஒரு கை உள்ளியை நல்லது பக்கம் போட்டுவிட்டு, "மலையாளம் உங்களவிட நான் நல்லா பேசுவேன்."

உண்மை. சாலையில் பிறகு எப்படி வேலை பார்ப்பது.

"போறேன். ஆனா ஒண்ணு. உங்க பொண்ணு பேரு அந்த ரெஜிஸ்டர்ல கிடக்கக் கூடாது. நாளைக்கு யாராவது என்கிட்ட சென்டர்ல எத்தன பிள்ளைன்னு கேட்டா, நான் உங்க பொண்ணையும் சேத்துப் பொய் சொல்லணும்."

அப்புறம் என்னைப் பார்க்காமல்: "எடைக்கு மட்டும் வாரது எங்க எல்லாருக்கும் தெரியும்க்கா. ஆட்டோல வச்சு உடுப்பு மாத்துறதும்."

எல்லாருக்கும். வரிசையில் என்னிடம் நல்லா இருக்கியளா என்று கேட்கிற எல்லாருக்கும். எத்தனை மாசமாக.

எப்படி வீடு வந்தேன் என்று ஞாபகம் இல்லை. குடையை அங்கேயே விட்டுவிட்டேன்.

அக். 14, செவ்வாய்

காலை ஒன்பதரை. அங்கன்வாடி. பிள்ளைகள் உப்புமா தின்றுகொண்டிருந்தார்கள். மணி என்னைப் பார்த்து ஸ்பூனை ஆட்டினான்.

டீச்சரிடம் பெயரை எடுக்கச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"சென்டர் நிக்கணும்னு நெனச்சுத்தானே ஞான் பறஞ்சது. எனக்காகவா?"

இல்லை டீச்சர். தெரியும் டீச்சர்.

ரெஜிஸ்டரை எடுத்தார். ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில் ஒரே கோடு. நேராக இருந்தது. "இனி எண்ணிக்கை குறைஞ்சா ஆருகிட்ட கேக்கணும், உன்கிட்டயா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஹெல்பரம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கவுன்சிலுக்கு என் இடத்தில் செல்வியைச் சொல்லுங்கள் என்றதும், "செல்வியோ? அவளுக்குப் படிப்பு…" என்று நிறுத்தினார். பேசுவாள் டீச்சர் என்றேன். ரெஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு, சரி, ஃபார்ம் நீயே எழுதிக்கொடு என்றார்.

அதிகாரிக்குப் போன். தாளில் எழுதி வைத்துத்தான் பேசினேன், இந்தத் தடவை தாளில் இருந்ததையே. என் மகள் அங்கே படிக்கவில்லை. நான் சொன்னது இன்னொரு பிள்ளைக்கு நடந்தது. போட்டோ போட வேண்டாம். அந்தப் பிள்ளையின் பெயரும் வேண்டாம்.

அதிகாரி திரும்பக் கேட்டது:

"பூட்டு உள்ளது தானே?"

உள்ளது சார்.

"அது மதி." போதுமாம். அந்தத் தாயின் விவரத்தை உடனே அனுப்பச் சொன்னார். திட்டியிருக்கலாம்.

இவரிடம் சொன்னேன். டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார். அம்மாகிட்ட நான் என்ன சொல்ல என்றார். அது ஒன்றுதான் கேட்டார்.

அக். 15, புதன்

மழை. மீனுவுக்கு மூக்கு ஒழுகல், வேனுக்கு அனுப்பவில்லை.

செல்வியின் ஃபார்ம். கடையில் லோடு இறங்குகிற நேரம், அவளுக்கு நிற்க நேரமில்லை. ஆதார் கார்டைக் கையில் கொடுத்து, மிச்சத்த நீங்களே எழுதிருங்கக்கா என்றாள். பெயர், விலாசம், பிள்ளையின் வயசு, சேர்ந்த நாள். சேர்ந்த நாளை மட்டும் லாரிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னாள். தேதி, கிழமை, அன்றைக்கு மழை இல்லை என்பது உட்பட.

படிப்பு என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்தேன். ஏழு வரைக்கும் என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். எழுதி முடித்து அனுப்பியாச்சு.

ரசம், அப்பளம். மீனுவுக்கு இருமல் மருந்து வாங்கணும்.

அக். 17, வெள்ளி

செல்வி போன். பின்னால் கடைச் சத்தம்.

"அக்கா, ஆபீஸ்லேருந்து சார் கூப்பிட்டாவ. என்னைய எடுத்தாச்சாம். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காவ. முதலாளியும் சரின்னுட்டாவ."

ரொம்ப சந்தோஷம் என்றேன். சந்தோஷம்தான்.

"பத்தாம் கிளாஸ்தானேன்னு கேட்டாவ. இல்ல சார், ஏழுன்னேன். ஏழு மதின்னுட்டாவ."

அடுப்பை அணைத்தேன்.

"பத்துன்னு யாருக்கா எழுதினது?"

நான்தான் என்றேன்.

ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். உள்ளி லோடு வந்து கிடக்குக்கா என்று போனை வைத்துவிட்டாள்.