சரசு உட்கார்ந்த இடம்

ஜனவரி 24, வியாழன். சித்தூர்

எழுந்ததும் முதல் வேலை, பச்சைப் பட்டுச் சேலையை உதறி ஜன்னல் கம்பியில் போட்டது. கப்பல் பெட்டியில் மடங்கிக் கிடந்த சுருக்கம். கணவாய்க் காற்று விடியுமுன்பே ஆரம்பம். பறக்காமலிருக்க நுனியில் முடிச்சு. இருபது வருடத்தில் இந்தக் காற்றை மறந்தே போயிருந்தேன்.

ஈப்போவிலிருந்து கொண்டுவந்தவை: டார்ச் லைட் 6, தைலம் 1 டஜன், பிஸ்கட் டின் 3. நேற்றே காலி. சித்தி: "ஏனாயா மலேயாக்காரி, அவனுக்கு டார்ச்சு, எனக்குத் தைலமா? அத்தனை கெழவியாயிட்டனா நானு?"

ஞாயிறன்று தம்பி கந்தசாமிக்குக் கல்யாணம். முப்பத்தெட்டு வயதில். இணைச்சீருக்கு நான் உட்கார வேண்டும். கூடப் பிறந்தவள் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கூரைச்சேலையைப் பிடித்துக்கொள்ளாமல் எங்கள் ஆட்களில் தாலி ஏறாது. அவர் போய் மூன்று வருடம், விதவை உட்காரலாமா என்று எழுதிக் கேட்டிருந்தேன். கார்த்திகையில் அவன் போட்ட பதில் கைப்பையிலேயே: "யார் என்ன சொன்னாலும் நீதான் அக்கா. நீ வராட்டிக் கல்யாணமே வேண்டாம்."

பிள்ளை இல்லை, அவர் இல்லை. மிச்சம் இவன். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஜன. 27, ஞாயிறு

கல்யாணம் ஆயிற்று.

பச்சைப் பட்டுடன் தயாராக நின்றேன். கந்தசாமி மாலையோடு சாமான் அறைக்கு வந்தான். "பொண்ணூட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டீங்கறாங்கக்கா. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு." கண் கலங்கியிருந்தது. நான்தான் தேற்றினேன். "போடா, முகூர்த்தம் தப்பும்."

மனையில் பெரியப்பா மகள் சரசு. இணைச்சீர் முடியும்வரை வெற்றிலை துடைத்தேன். நல்ல வெற்றிலை. ஒன்றுகூட அழுகல் இல்லை.

பெண் மரகதம் காலில் விழுந்தபோது நல்லா இரு என்றுகூடச் சொல்ல வரவில்லை.

ஜன. 29, செவ்வாய். மறையூர்

மரகதத்தின் மாமா வீட்டில் விருந்து. என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். உடுமலை வழி. "ஊரைச் சுத்திப் பாருக்கா, வெளிநாட்டுக்காரியாட்டம்" என்றான் தம்பி. பாஸ்போர்ட்படி நான் அதுதானே. வழியெல்லாம் யானைச் சாணி, யானை இல்லை. ஸ்வெட்டர் எடுத்து வராதது தப்பு.

ஜன. 30, புதன்

காலையில் மரகதம் தலை வாரிக்கொண்டே, "ஏனுங்க நங்கையா, எம்மேல கோவமுங்களா?"

இல்லை என்றேன்.

"எங்கப்பா முன்னாடியே சொன்னாருங்க, நாங்க அதெல்லாம் பாக்கறதில்லீங்க, கூடப் பொறந்தவங்களே உக்காரட்டும்னு. நீங்கதான் வேண்டாம்னு லெட்டரு போட்டுட்டீங்களாமா. இவருதான் வந்து சொன்னாரு."

எப்போது?

"நிச்சயத்தன்னிக்கேங்க. ஐப்பசில."

ஐப்பசி. எனக்குக் கடிதம் கார்த்திகையில்.

"ஆமாம், நான்தான் எழுதினேன்" என்றேன். ஏன் சொன்னேன்?

வேண்டாம் என்று அவனே எழுதியிருந்தாலும் வந்திருப்பேன். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருப்பேன். அவனுக்கு மலேயாவிலிருந்து அக்கா வந்தாள் என்ற பேரும் வேண்டும், மனையில் நான் இருக்கவும் கூடாது. ஒரு மாதம் முன்பே சரசுவுக்கு ஜாக்கெட் தைத்தாகிவிட்டதாம்.

மதியம் வெல்லம் காய்ச்சும் கொட்டகை. எங்கும் பாகு வாசனை. கந்தசாமி ஒரு துண்டு உருட்டி எல்லோருக்கும் முன் என்னிடம் நீட்டினான். சின்ன வயதில் நான் அவனுக்குச் சொன்னதையே சொன்னான்: "ஊதித் தின்னுக்கா, சுடும்."

தின்றேன். கேட்கவில்லை. கேட்டால் அழுவான். மறுபடி நான் தேற்ற வேண்டியிருக்கும்.

அடுப்புக்குக் கரும்புச் சக்கை தள்ளுகிறவரிடம் பஸ் விசாரித்தேன். "மூணாறுக்கா? காலைல ஆறரைக்கு. குளிரும் பாத்துக்கங்க. கூட யாரு வர்றா?" சும்மாதான் கேட்டேன் என்றேன்.

கப்பலுக்கு இன்னும் பதினெட்டு நாள். மூணாறு, ஏலப்பாறை, அதற்கப்பால் தெரியாது. பச்சைப் பட்டை மரகதத்தின் பெட்டிக்குள் அடியில் வைத்தாயிற்று.

நாளை எட்டு மணிக்குச் சித்தூருக்குக் கார். நான் ஆறரை பஸ்ஸில்.