நாளைக்கு வெள்ளிக்கிழமை

இயேசு மரி சூசை

வில்லியனூர்,
14.3.2025

மரியாதைக்குரிய மரியான் அக்காவுக்கு, தம்பி மனைவி சலேத்மேரி தோத்திரம் சொல்லி எழுதுவது.

இங்கே உங்கள் தம்பியும் பிள்ளையும் சுகம். ராஞ்சி கன்னியர் மடத்தில் குளிர் விட்டதா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமாவின் முப்பதாம் நாள் பூசை போன வெள்ளிக்கிழமை நடந்தது. நம் தெரு ஜெபக்கூட்டமான அன்பியத்துப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள்.

அதற்கு முந்தின நாள்தான் உங்கள் கடிதம் கிடைத்தது. அப்பா கடைசியில் சாமியார் கையால் நோயில்பூசுதல் எண்ணெய் பெற்றுப் போனார், அந்த ஒன்றை நினைத்துத்தான் மடத்தில் வேலை ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தம்பி அந்தக் கடிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். மெழுகுவர்த்தி ஏற்றும்போதெல்லாம் அதன் ஓரம் கண்ணில் படுகிறது. அக்கா, நீங்கள் எழுதியது நடக்கவில்லை. மாமா பூசுதல் இல்லாமல்தான் போனார். தள்ளிப் போட்டது நான்.

என் நோட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மாமாவுக்கு எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எத்தனை வாய் கஞ்சி இறங்கியது என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஜனவரி 22ஆம் தேதிப் பக்கத்தில் ‘சாமியாரை வரச் சொல்ல வேண்டும்’ என்று எழுதியிருக்கிறேன். பாவசங்கீர்த்தனம் பண்ணணும், கூட்டியாம்மா என்று மாமா கேட்ட நாள் அது. அதே வரி 25ஆம் தேதியில் இருக்கிறது, 30லும் இருக்கிறது, பிப்ரவரி 3லும் இருக்கிறது. கோவில் நம் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம்.

முதல் தடவை உங்கள் தம்பிதான், எண்ணெய் எடுத்துக்கொண்டு சாமியார் வந்தால் அப்பா பயந்துடுவாரு, இப்ப இன்னா அவசரம் என்றார். போன வருஷம் எதிர்வீட்டுக்குக் காலையில் சாமியார் வந்தார், சாயங்காலம் பெட்டி வந்தது. அதிலிருந்து நம் தெருவில் எல்லாருக்கும் அந்தப் பயம். பக்கத்து வீட்டுக் காசம்மாள் கூட, சாமியார இட்டாந்தா பெரியவரே முடிவு பண்ணிடுவாருடி என்றாள். அந்தப் பேச்சு எனக்கும் சௌகரியமாக இருந்தது. சாமியார் நற்கருணை கொண்டு வரும் வீட்டில் சுவர் இப்படி மழைநீர் பட்டு உரிந்திருக்கலாமா, சுண்ணாம்பு அடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். சுண்ணாம்பு அடித்தபின், நற்கருணை வைக்கும் மேசைக்கு வெள்ளைத் துணி சரியில்லை என்றேன். ஜெபத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள் என அன்பியத்தில் மற்றவர்களுக்குச் சொல்கிறவள் நான்தான்.

பிப்ரவரி 6, வியாழன் காலை. சாமியார் இன்னிக்காவது வருவாராம்மா என்று மாமா கேட்டார். அந்தத் துணிக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தேன். நாளைக்கு மாசத்து முதல் வெள்ளி மாமா, நோயாளிங்க வூட்டுக்கெல்லாம் சாமியாரே வருவாரு என்றேன். நாளைக்கா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டே காலுக்கு உயிர் போய்விட்டது. துணி கொடியில் இன்னும் காயவில்லை.

சாமியார் நாலு மணிக்கு வந்தார். உயிர் போனவருக்குப் பூசுதல் இல்லை, செபிக்கலாம் என்று செபித்தார். உங்கள் தம்பி போனில், பூசுதல் வாங்கிட்டுத்தான் போனாருக்கா என்று சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். போனை வாங்கிப் பேசவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பிப்ரவரி 3ஆம் தேதி, சாமியாருக்குக் காத்திருந்து அலுத்துப்போய், பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல இருந்ததில் பாதியை மாமா என்னிடமே சொன்னார். உங்கள் தம்பிக்கு மூன்று வயதில் ஜன்னி கண்டபோது, மாதா கோவில் குளத்தண்டை நின்னு பொண்ண மடத்துக்குக் குடுத்துடறேன்னு நேந்துகிட்டேன், பெரியவள ஒரு வார்த்த கேக்கல, வண்டி ஏறும்போது அவ அழுதா, நான் பாக்காத மாதிரி நின்னேன் என்றார். உங்களுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். உங்களுக்கு அது ஜெப நேரம், சாயங்காலம் போடுகிறேன் என்றேன். சாயங்காலம் மறந்தேன் என்று எழுத மனசு வருகிறது. மறக்கவில்லை அக்கா. நீங்கள் என்ன சொல்வீர்களோ என்று பயந்தேன்.

நான் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டேன். கடவுள் உன் வெள்ளைத் துணிக்காகக் காத்திருக்கவில்லையம்மா, அந்த மனுஷனைக் கைவிட்டிருக்கவும் மாட்டார் என்றார் சாமியார். ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டியது என் கடன் என்றார். மாமா போனதிலிருந்து முப்பத்தாறு நாள் அதையும் தள்ளிவிட்டேன். இன்றைக்கு உலை வைக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் தம்பி வேலைக்குக் கிளம்புமுன் அவருக்குப் படித்துக் காட்டுவேன். ஒன்பது மணிக்குத் தபாலில் சேர்த்துவிடுவேன்.

என் மேல் கோபமென்றால் கோபத்தையே எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். மாமாவுக்கென்று உங்களால் ஒரு வரி எழுத முடிந்தால், அதைத் தனித் தாளில் எழுதி அனுப்புங்கள். கல்லறைக்குப் போய் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். தாள் வந்த அன்றைக்கே போவேன்.

உங்கள் ஜெபத்தைக் கேட்டு நிற்கும்,
சலேத்மேரி