தில்லைத்துறைக் களப்பின் வாயை அடைக்க வேண்டாமென்று கோரும் மனு

அனுப்புபவர்:
செல்வி குணபூசணி சிற்றம்பலம்,
ஆசிரியை,
புகையிரத நிலைய வீதி,
தலவாக்கலை.

பெறுபவர்:
உதவி அரசாங்க அதிபர் அவர்கள்,
கச்சேரி,
மட்டக்களப்பு.

விஷயம்: தில்லைத்துறைக் களப்பை மீட்டுத் தந்தமைக்கு நன்றி தெரிவித்தலும், அதன் ஆற்றுவாயைக் கல்லணையால் நிரந்தரமாக அடைக்கும் யோசனையைக் கைவிடுமாறு வேண்டுதலும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் தில்லைத்துறையில் பிறந்தவள். கல்லூரிப் படிப்பு முடிந்த நாள் தொட்டு மலைநாட்டில் ஆசிரியையாக இருக்கிறேன். என் தம்பி ஜெயரத்தினம் ஊரிலேயே வலைத்தொழில் செய்கிறான். சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் தாங்கள் எங்கள் ஊருக்கு நேரில் வந்து செய்த நன்மைக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டுமென்று அன்றே நினைத்தேன். பாடசாலை தொடங்கியதும் அது தள்ளிப் போய்விட்டது. இப்போது எழுத உட்காரும்போது, நன்றியோடு கூட ஒன்றைக் கேட்கவும் வேண்டியிருக்கிறது. அது அழகல்ல என்பதை அறிவேன். கேட்காமலிருந்தால் தாங்கள் செய்த நன்மையே இல்லாமற் போய்விடும் என்பதால் துணிகிறேன்.

2. களப்பின் முந்திய நிலையைத் தாங்கள் பார்க்கவில்லை. களப்புக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டு ஒன்று உண்டு. மாரியில் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு கடலில் விழும். கோடையில் அலை மண்ணைக் கொண்டுவந்து மூடும். இப்படித் திறந்தும் மூடியும் வந்த ஆற்றுவாய், மாரி பொய்த்த கடந்த சில வருடங்களாகச் சரியாகத் திறக்கவில்லை. அதே காலத்தில்தான் மேற்குக் கரையில் நெல் அவிக்கும் ஆலையும் வந்தது. ஆலையால் ஊர்ப் பெண்களின் உரலும் உலக்கையும் ஓய்ந்தன. அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் நெல் ஊறிய தண்ணீர் முழுவதும் ஒரு வாய்க்கால் வழியே களப்பில் விழுந்தது. போக வழியில்லாத நீர் அங்கேயே கிடந்து புளித்தது. நான் ஒவ்வொரு விடுமுறைக்கும் போகையில் அதன் நிறம், வடிக்காமல் மறந்துவிட்ட தேயிலைச் சாயம் போல் மேலும் மேலும் கறுத்துக்கொண்டு வந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு கொடுவா மீனும் மணலை மீனும் வயிறு வெளுத்து ஒதுங்கின. ஆற்றுவாயில் பாசி மேய வரும் கடலாமைகள் வருவதை விட்டன. கொக்குகள் கூட வேறு கரை பார்த்துக்கொண்டன.

என் தம்பி வலையைச் சுருட்டிக் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டான். "அக்கா, தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில எனக்கொரு வேலை பார்க்கேலுமா? தண்ணி செத்துப் போச்சு, மறுகா நான் இங்க இருந்து என்ன செய்யிற?" என்று கேட்டான். குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை கூடப் போட்டறியாதவன் அவன்.

3. என்னுடன் வந்த மலைநாட்டார் தில்லைத்துறைக்கு ஏன் வந்தார்கள் என்று தாங்கள் அன்று கேட்டீர்கள். அவசரத்தில் நான் சரியாகச் சொல்லவில்லை. சென்ற வருடம் ஆனி மழையில் தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் மண் சரிந்து, தொழிலாளர் குடியிருந்த ஒரு லயம் புதைந்தது. தெய்வாதீனமாக ஆட்கள் வேலைக்காட்டில் இருந்த நேரம். வீடிழந்த குடும்பங்கள் எங்கள் பாடசாலை மண்டபத்தில் தங்கின. நான் ஊருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவ்வளவுதான் நான் செய்தது. தில்லைத்துறையார், தங்கள் களப்பு நலிந்திருந்த அந்த நிலையிலும், அரிசியும் முந்திய வருடத்துக் கருவாடும் பனையோலைப் பெட்டிகளில் கட்டி பஸ்ஸிலும் ரயிலிலுமாக அனுப்பி வைத்தார்கள்.

அதை உண்டவர்கள் மறக்கவில்லை. "வாங்கித் தின்னுட்டுச் சும்மா இருந்தா நல்லாருக்குமா டீச்சரம்மா? ஒருதடவ போயி அவுங்க மொகத்தப் பாத்துட்டு வந்துருவோம்" என்று கொழுந்தெடுக்கும் ராக்காயி தொடங்கினாள். அவளை யாராலும் நிறுத்த முடியாது. இவ்விதமே சில குடும்பங்கள் என்னுடன் பதுளை வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் வந்தன. ஒவ்வொருவர் மடியிலும் தேயிலைத்தூள் பொட்டலம் இருந்தது.

4. வந்தவர்களுக்கு வைக்க ஊரில் மீன் இல்லை. களப்புக்கரை வீட்டில் விருந்தாளிக்குப் பூசணிக்காய்க் கறி வைத்ததை எண்ணி என் தம்பி மனைவி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. விருந்தாளிகளில் ஒருவரான அழகுமுத்து காரணம் கேட்டறிந்து, மறுநாள் காலையில் தம்முடன் வந்த ஆண்களைக் கூட்டிக்கொண்டு, ஊரில் மண்வெட்டிகள் இரவல் வாங்கி, மணல்திட்டுக்குப் போய்விட்டார். அவர் தோட்டத்தில் கான் வெட்டும் ஆட்களுக்குக் கங்காணி. மலைச்சரிவில் மழைநீர் மண்ணை அரிக்காமல் இறங்கிப் போகக் கான் வெட்டுவதுதான் அவர்கள் தொழில். நின்ற தண்ணீரைக் கண்டால் அவர்களுக்குக் கை சும்மா இராது. ஆற்றுவாய் வெட்டக் கச்சேரி உத்தரவு வேண்டுமென்று ஊரார் சிலர் தடுத்தார்கள். தடுத்தவர்களே சற்று நேரத்தில் மண் சுமந்து கொட்டியதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

5. கான் நேர்த்தியாகத்தான் விழுந்தது. கறுத்த நீர் கடலை நோக்கி ஓடத் தொடங்கியதும் கரையிலிருந்தோர் ஆரவாரித்தார்கள். எல்லோரும் உண்டு ஓய்ந்து வந்து பார்த்தபோது நீர் எதிர்ப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஐயா, மலையில் தண்ணீருக்கு ஒரே குணம்: இறங்குவது. அது திரும்பி வரும் என்பதைக் கண்டவர் எவரும் மலையிலிருந்து வந்த கூட்டத்தில் இல்லை. "அடி ஆத்தீ! கங்காணியாரு வெட்டுன கான் மலை ஏறுதுடி! மட்டம் புடிக்கத் தெரியாத ஆளயா இத்தன வருசம் கங்காணியா வச்சிருக்காங்க?" என்று ராக்காயி கூவினாள். அழகுமுத்துவோ மணலில் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, மட்டம் பார்த்தார். "மட்டம் சரியாத்தான் இருக்குங்க. தண்ணிக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு" என்றார். கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும் உண்டென்று என் தம்பி விளக்கியபோது அவர் முகம் வாடியது. ஏனென்றால் அதற்குள் உப்புநீர் பக்கத்துச் சிறுவாய்க்காலில் ஏறி, தம்பிஐயா என்பவரின் வயலுக்குள் புகுந்துவிட்டது. கதிர் முற்றிக்கொண்டிருந்த கோடை வேளாண்மை. கீழ்வரம்போரம் இருந்த பயிர் அவ்வளவும் சில நாட்களில் பழுத்துக் கருகியது. தம்பிஐயா வரம்பில் நின்று ஏசிய ஏச்சு ஒவ்வொன்றும் நியாயமானது. இது அவருக்கு ஏற்பட்ட உண்மையான நட்டம்; இம்மனுவில் நான் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

6. விதானையாரும் பொலிஸாரும் வந்து பெயர்களைக் கேட்டார்கள். அவர்கள் கடமை அது. ஆனால் வந்திருந்தவர்களில் பலருக்கு, தலைமுறைகளாகத் தோட்டத்தில் உழைத்தும், பிரஜாவுரிமை கிடையாது. பொலிஸில் பெயர் பதிந்தால் தங்களைக் கடல் கடந்து எங்கே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவர்களை ஒரு நொடியில் ஊமையாக்கியது. எப்போதும் வாயடிக்கும் ராக்காயி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாங்கள் அப்போதுதான் வந்தீர்கள். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து வந்து, முதலில் வாய்க்காலைப் பார்த்தீர்கள். பிறகு வயலைப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகே மனிதர்களைப் பார்த்தீர்கள். யார் சொல்லி வெட்டினீர்கள் என்று அழகுமுத்துவைக் கேட்டபோது, "யாரும் சொல்லலீங்க தொர. சாப்புட்ட வீட்டுக்கு எதாச்சும் செய்யணும்ல? எங்களுக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதாங்க" என்றார். தாங்கள் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. இனி உத்தரவின்றி வெட்டக்கூடாதென்று எச்சரித்துவிட்டு, விருந்தாளிகள் பெயர் தேவையில்லை என்று பொலிஸாரிடம் கூறினீர்கள். அவ்வார்த்தை ஓர் அதிகாரிக்குச் சிறியதாக இருக்கலாம். இங்கே தேயிலைக்காட்டில் அதை இன்றைக்கும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். தங்கள் பெயரைச் சொல்லி மாரியம்மன் கோவிலில் அர்ச்சனை செய்தார்கள். நட்சத்திரம் தெரியாததால் ஐயர் சற்றுத் தடுமாறியதாகக் கேள்வி.

7. அன்று தாங்கள் இட்ட உத்தரவுகள் களப்பைக் காப்பாற்றின. ஆற்றுவாய் மாரி வரை திறந்திருக்கட்டும் என்றீர்கள். ஆலைத் தண்ணீரைக் களப்பில் விடாமல் ஆலை நிலத்திலேயே குழிகளில் தேக்கச் செய்தீர்கள். வயல் வாய்க்காலை மண்மூட்டையால் மறிப்பித்தீர்கள். அழகுமுத்துவும் கூட்டாளிகளும் ஊர் திரும்புவதைத் தள்ளிப்போட்டு, தம்பிஐயாவின் வயலில் உப்பு கழுவிப் போகக் கான் வெட்டிக் கொடுத்தார்கள். அதற்கும் அவர் ஏசிக்கொண்டுதான் நின்றார்; ஆனால் எங்கே வெட்ட வேண்டுமென்று கையால் காட்டவும் செய்தார்.

பின்னர் நடந்தவற்றைத் தம்பி எழுதும் கடிதங்களால் அறிகிறேன். கடல் ஏறியும் வற்றியும் களப்பைக் கழுவியது. முதலில் நாற்றம் போனது. பிறகு இறால் குஞ்சுகள் கரையோரம் துள்ளின. நண்டுகள் வளை தோண்டின. மணலை மீன் கூட்டமாக உள்ளே வந்தது. கொக்குகள் திரும்பின. புரட்டாதியில் ஒரு கடலாமை மணல்திட்டில் ஏறி முட்டையிட்டுப் போயிருக்கிறது. அதன் தடத்தைப் பிள்ளைகள் மிதிக்காமல் சுற்றிப் போகிறார்களாம். தம்பி வலையை இறக்கிவிட்டான். மலைக்கு வரும் பேச்சை இப்போது எடுப்பதில்லை. அவன் அன்று கேட்ட, நான் தோற்றுவிடுவேனோ என்று அஞ்சியிருந்த கேள்விக்குத் தாங்கள் பதில் தந்துவிட்டீர்கள்.

8. இந்நிலையில், களப்பு சுத்தமாகிவிட்டதால் ஆலை வாய்க்காலைப் பழையபடி திறக்கலாமென்றும், வயல்களை உப்பிலிருந்து காக்க ஆற்றுவாயைக் கல்லணை கட்டி நிரந்தரமாக அடைக்க வேண்டுமென்றும் ஆலைக்காரரும் வேறு சிலரும் தங்களிடம் மனுச் செய்திருப்பதாகவும், வரும் மாதம் கச்சேரியில் விசாரணை நடக்குமென்றும் அறிகிறேன்.

களப்பு சுத்தமாக இருப்பது அழுக்கு உள்ளே வராததாலும் கடல் உள்ளே வருவதாலும்தான். ஒன்றைத் திறந்து மற்றதை அடைத்தால் சென்ற வருடத்துக் களப்புத்தான் திரும்ப வரும். அடுத்த முறை மாரி வெள்ளமும் உடைக்க முடியாதபடி கல் நிற்கும். ஆமை ஏறும் மணலும் அந்தக் கல்லுக்கு அடியில் போகும். வயலுக்கு உப்பு வருவது ஆற்றுவாய் திறந்திருப்பதால் மட்டுமல்ல, சிறுவாய்க்காலுக்குக் கதவு இல்லாததாலும் ஆகும். மண்மூட்டை மாரியில் கரைந்துவிடும். அங்கே ஏற்றி இறக்கக்கூடிய பலகைக் கதவு ஒன்று போட்டால் வயலும் பிழைக்கும், களப்பும் பிழைக்கும்.

ஆயினும் வயலை இழந்தவர் தம்பிஐயா. அவர் பெயரையும் காட்டியே அணை கேட்கிறார்கள். அவர் மனம் எப்பக்கம் என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது. ஆகையால் இதைத் தபாலில் சேர்க்காமல் தம்பிக்கு அனுப்புகிறேன். அவன் தம்பிஐயாவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டுவான். அவர் மறுத்தாலும் அந்த மறுப்பை அவர் சொன்னபடியே கீழே எழுதித் தங்களிடம் கொடுக்குமாறு கூறியுள்ளேன். அவர் குரல் இல்லாமல் என் குரல் மட்டும் தங்கள் மேசைக்கு வருவது முறையல்ல.

9. ஆகவே, கல்லணைக்கு அனுமதி வழங்காதிருக்கவும், ஆலை நீர் பற்றித் தாங்கள் இட்ட உத்தரவை நிலையான உத்தரவாக்கவும், வயல் வாய்க்காலுக்குப் பலகைக் கதவு அமைக்கவும், மணல்திட்டில் ஆமை முட்டை தோண்டுவதைத் தடுக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். விசாரணையைக் கச்சேரியில் வைத்தால் வலைக்காரர் பலர் வரமாட்டார்கள், வந்தாலும் பேசமாட்டார்கள். தயைகூர்ந்து ஆற்றுவாயிலேயே, கடல் ஏறும் நேரம் பார்த்து வைப்பீர்களாயின், எவரும் அதிகம் பேசத் தேவையிராது. இனி எப்போதாவது ஆற்றுவாய் வெட்டத் தாங்கள் உத்தரவிட்டால், கூலியின்றி வந்து வெட்ட அழகுமுத்துவும் கூட்டாளிகளும் ஆயத்தமாக இருக்கிறார்கள். எப்போது, எவ்விடத்தில் என்பதை ஊரார் சொல்லட்டும் என்றும் அவர் சொல்லச் சொன்னார்.

ஒரு முறை எங்களுக்காக மணலில் நடந்தவர் என்ற நம்பிக்கையில் மறுபடியும் அழைக்கிறேன். தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் என் நன்றி என்றும் உண்டு.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
குணபூசணி சிற்றம்பலம்
(ஒப்பம்)

தலவாக்கலை,
20. 10. 1962.

தில்லைத்துறையில் சேர்க்கப்பட்டது, 27. 10. 1962:

இம்மனுவை வாசித்துக் காட்டியபின் தம்பிஐயா அவர்கள் சொல்ல, அவர் சொன்னபடி எழுதியவன் சி. ஜெயரத்தினம்.

"முழுக்கக் கேட்டன். நான் ஏசினது எல்லாத்தையும் டீச்சர் எழுதயில்ல, அது அவவுக்கு மரியாதை. உப்பு வந்தது உண்மை. அந்த மலைநாட்டார் வெட்டின கானால முதல் மழையோட உப்புப் போனதும் உண்மை. இப்ப அதில விதைச்சிருக்கன், முளைச்சிருக்கு. அணை கேட்ட மனுவில என்ர பேரைப் போட்டவங்க என்னட்டக் கேக்கயில்ல. பலகைக் கதவு போட்டுத் தந்தால் ஆற்றுவாய் திறந்தே கிடக்கட்டும், எனக்குச் சம்மதம். போடாட்டி, ஐயா கோவிக்கப்படாது, கல்லுத் தூக்க நான்தான் முதல் ஆளா வருவன்."

தம்பிஐயா, வயற்காரர்
(இடது பெருவிரல் அடையாளம்)