கடைக்காரன் இங்கிலீஷ்

ஜூன் 3

இன்றும் லாந்தர். போன வகுப்பிலும் லாந்தர்தான். நூலகத்து மாடியில், பிள்ளைகள் உட்காருகிற குட்டை பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து, காகித விளக்குப் படத்தைப் பார்த்து "லான்டர்ன், லான்டர்ன்" என்று கத்திவிட்டு வருகிறேன். ஊர் ஏ.சி.யெல்லாம் கழற்றி மாட்டுகிற மெக்கானிக் நான். அடுத்த மாதம் திருவிழா. வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்களாம், கடை போடுகிறவர்களுக்கு நாலு வார்த்தை தெரிந்திருக்க வேண்டுமாம். அதற்கு இலவச வகுப்பு. 'திருவிழா வழியே ஆங்கிலம்' என்று வாசலில் பேனர் வேறு.

எனக்குக் கடையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. திருவிழாவுக்கு வெளிநாட்டுலேர்ந்து என் பொண்ணு வர்றா. ஏழு வயசு. தமிழ் தெரியாது. பெத்த பொண்ணுகிட்ட பேச ட்யூஷன் போற அப்பன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

ஜூன் 5

பாப்பாவின் அம்மாவோடு போனில் சண்டை. பிரிந்து நாலு வருஷம் ஆகிறது, சண்டைக்கு மட்டும் குறைச்சலில்லை. ஏன் தமிழ் சொல்லித்தரலைன்னு கேட்டேன்.

"விடிஞ்சா வேலைக்கு ஓடறேன், வந்து சமைக்கிறேன். நடுவுல தமிழ் க்ளாஸ் வேற எடுக்கணுமா?"

சோறு ஊட்டும்போது பேசினா வராதா? அதுக்கு எதுக்கு க்ளாஸ்? அதையும் கேட்டேன்.

"நீ போன் பண்ணி என்னைக்காவது அவகூடப் பேசியிருக்கியா? எங்கிட்ட கத்திட்டு வெச்சிடறே."

சொல்லிவிட்டு அவளே வைத்துவிட்டாள். எப்பவும் நான்தான் முதல்ல வைப்பேன். அதுதான் இன்னும் வயிறு எரியுது.

ஜூன் 12

ஊர்வலம் — ப்ரொசெஷன். வாயில் நுழைந்து தொலைக்க மாட்டேனென்கிறது. மேளம் ட்ரம். மாலை கார்லண்ட். வாணவேடிக்கை ஃபயர்வொர்க்ஸ்.

டீச்சர் நல்லவங்கதான், குரலை உயர்த்தினதே இல்லை. அதுவே எரிச்சலா இருக்கு. பக்கத்தில் உட்காருகிற பலூன்காரர், "என்ன மெக்கானிக், கம்ப்ரஸர் சூடாயிடுச்சா?" என்று கிண்டல் செய்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஜூன் 19

இன்றுதான் வாக்கியம் வந்தது. "வெல்கம், ப்ளீஸ் கம்." "ஹவ் மெனி யூ வான்ட்?" "ப்ளீஸ் டோன்ட் டச்." ஏணியில் நின்று அவுட்டோர் யூனிட் கழுவும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தேன். "யாருகூடப்பா பேசறே?" என்று வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து கேட்டார்கள். பொண்ணுகூட என்றேன். போன் எங்கே என்று தேடினார்கள்.

ஜூலை 4

வந்துவிட்டார்கள். தங்கல் பாப்பாவின் அம்மாவுடைய அக்கா வீட்டில். சாயங்காலம் பாப்பாவை என் அறைக்குக் கூட்டி வந்தாள். முன்பல் இரண்டு இல்லை. என்னைப் பார்த்ததும் அம்மா கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் நின்று "வெல்கம், ப்ளீஸ் கம்" என்றேன். பிஸ்கட், ஜூஸ் எல்லாம் வாங்கி மேஜையில் அடுக்கியிருந்தேன். "ஹவ் மெனி யூ வான்ட்?" என்றேன்.

"நோ, தேங்க் யூ" என்றாள். மரியாதையாக. கடையைத் தாண்டிப் போகிறவர்கள் சொல்வார்களே, அப்படி.

ஜன்னலோரம் நான் பிரித்துப் போட்டிருந்த ஃபேன் பக்கம் போனாள். றெக்கை கையைக் கிழிச்சிடுமேன்னு பதறி "ப்ளீஸ் டோன்ட் டச்" என்றேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டவள்தான், கடைசி வரைக்கும் எதையும் தொடவில்லை.

படி இறங்கும்போது பாப்பாவின் அம்மா கேட்டாள்: "அவகிட்ட ஏன் கடைக்காரன் மாதிரி பேசறே?"

சுவரில் ஒரு குத்து விட்டேன். கை வீங்கியிருக்கிறது.

ஜூலை 5

டீச்சர் மேல் கோபம். அந்த பேனர் மேல் கோபம். இன்று போன வீட்டிலெல்லாம் வள்ளென்று விழுந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 6

திருவிழா. பாப்பாவைத் தனியாக என்னோடு அனுப்பினாள். "கையை விட்டுடாதே" என்று மட்டும் சொன்னாள்.

தெரு முழுக்க விளக்கு. காட்டிக் காட்டிச் சொன்னேன். லான்டர்ன். "யெஸ்." ட்ரம். "யெஸ்." கார்லண்ட். "ஐ நோ" என்றாள். தெரியாம என்ன? அது அவ பாஷை. அவகிட்டயே நான் படிச்சுக் காட்டிட்டிருக்கேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

அப்போதுதான் தலைக்கு மேல் வாணம் வெடித்தது. தெரு நடுவில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் குனிந்து "ஃபயர்வொர்க்ஸ்" என்றேன். எதுக்குச் சொன்னேன் அதை? வேற எதுவும் வரலை. "பியூட்டிஃபுல்" என்றேன். அலற ஆரம்பித்தாள்.

பயப்படாதேம்மா, அப்பா இருக்கேன் — இதை எந்த வகுப்புல சொல்லிக்கொடுத்தாங்க? தமிழ்லயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம். வார்த்தை புரியாட்டி என்ன, குரல் புரிஞ்சிருக்கும். அதுகூடத் தோணலையேடா மடையா. வாயை மூடிக்கொண்டு தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பலூன்காரர் கடைக்குப் பின்னால் இறக்கிவிட்டேன். விக்கி விக்கிச் சொன்னாள்: "ஐ வான்ட் டு கோ டு மம்மி."

அம்மாகிட்ட போகணும். யாரும் விளக்காமல் எனக்கு முழுசாகப் புரிந்த முதல் வாக்கியம் அதுதான். கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

ஜூலை 9

போய்விட்டார்கள். வழியனுப்ப நான் போகவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.

ஜூலை 24

வகுப்புக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். எல்லோரும் போனதும் டீச்சரிடம் கத்திவிட்டேன். குழந்தைகிட்ட பேச ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லித்தந்தீங்களா?

"குழந்தைகிட்ட பேசத்தான் வர்றீங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே. என்ன கடைன்னு கேட்டேன், ஜூஸ் கடைன்னீங்க."

ஆமா, சொன்னேன். அத்தனை பேர் முன்னாடி, என் பொண்ணுக்கு நான் பேசறது புரியாதுன்னு எப்படிச் சொல்றது?

பயப்படாதே, அப்பா இருக்கேன் — இதுக்கு இங்கிலீஷ்ல என்ன என்று கேட்டேன். சொன்னார்கள். இத்தனூண்டு வாக்கியம்.

ஜூலை 27

போன் பண்ணினேன். பாப்பாவின் அம்மா எடுத்து, "இன்னைக்கு என்ன பிரச்சினை?" என்றாள். பாப்பாகிட்ட குடு என்றேன்.

"டோன்ட் பி அஃப்ரெய்ட். அப்பா இஸ் ஹியர்" என்றேன்.

"ஐ வாஸ் அஃப்ரெய்ட் தட் டே. நாட் நவ்" என்றாள். அன்னைக்குத்தான் பயந்தாளாம், இப்போ இல்லையாம்.

அப்புறம் அவளாகவே ஏதோ பூனைக் கதை சொல்ல ஆரம்பித்தாள். பாதி புரியவில்லை. குறுக்கே பேசாமல் கேட்டேன். முடித்ததும் "மம்மி?" என்றாள், போனைக் கொடுக்கட்டுமா என்று கேட்கிற மாதிரி. வேண்டாம்மா, நீயே பேசு என்று தமிழில்தான் சொன்னேன். என்ன புரிந்ததோ, பூனைக் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், இந்தத் தடவை கொஞ்சம் நிதானமாக.